பொறியியல் ஆய்விதழுக்கு மேற்கோள் பட்டியலை அமைப்பது எப்படி? மென்பொருளே பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளும், ஆனால் நீங்கள் உள்ளே போட்டதை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்றால், மேற்கோள்கள் இதழின் வடிவத்தில் இல்லை என்ற ஒற்றை வரியோடு உங்கள் கட்டுரை ஒருமுறையாவது திரும்பி வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். எனக்கும் வந்தது. நான் பேராசிரியர் அல்லன். மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த ஊரில், ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்துகொண்டே பகுதிநேரமாக முதுகலை படித்தவன். ஆலைக்காரனுக்கு ஆய்விதழைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் இருக்கலாம். ஒரே கட்டுரையை மூன்று முறை அனுப்பியவனுக்குத் தெரியும் சில விஷயங்கள், முதல் முறையிலேயே ஏற்கப்பட்டவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

முதலில், 'பொறியியல் இதழ் வடிவம்' என்று பொதுவாக ஒன்று கிடையாது. மின்னியல், கணினித் துறைகளில் பெரும்பாலும் ஐ ட்ரிபிள் இ என்ற மின், மின்னணுப் பொறியாளர் கழகத்தின் பாணிதான்: சதுர அடைப்புக்குறிக்குள் எண், அந்த எண்ணும் கட்டுரையில் முதன்முதலாக வரும் வரிசைப்படி, அதே மூலத்தை மறுபடி சுட்டினால் பழைய எண்ணே. பட்டியலில் முதலெழுத்து முன்னால், குடும்பப் பெயர் பின்னால். ஆறு பேருக்கு மேல் எழுதியிருந்தால் முதலாமவரோடு 'மற்றும் பிறர்'. அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் இதழ்களோ எண் கேட்பதில்லை. ஆசிரியர் பெயர், ஆண்டு, அகரவரிசை. ஆகவே உங்கள் இதழின் வழிகாட்டியையும், அவ்விதழில் அண்மையில் வந்த ஒரு கட்டுரையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இரண்டும் முரண்பட்டால் நான் அச்சில் வந்ததையே நம்புவேன்.

என் கட்டுரை, ஆலைப் பாய்லரில் நாரும் ஓடும் எரிந்தபின் மிஞ்சும் சாம்பலைச் சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கலந்தால் கான்கிரீட் தாங்குமா என்பது பற்றியது. 43 மேற்கோள்கள்; எல்லாவற்றையும் கையால் தட்டச்சு செய்தேன், எண்களையும் கையால்தான் போட்டேன். முதல் முறை வடிவம் சரியில்லை என்று திரும்பியது. அதைத் திருத்தி மறுபடி அனுப்புவதற்கு முந்தின இரவு, இரவு வேலை முடிந்து வந்த களைப்பில், முடிவுரைக்கு அருகில் இருந்த ஒரு பத்தியை வெட்டி முன்னுரையில் ஒட்டினேன். பட்டியலின் வரிசையை அதற்கேற்ப மாற்றினேன். உள்ளே இருந்த எண்கள் சிலவற்றை மாற்ற மறந்துவிட்டேன். ஏழு வாரம் கழித்து மதிப்பாய்வாளர் எழுதினார்: நான் [17] என்று காட்டியிருந்த கட்டுரையில் கான்கிரீட் என்ற சொல்லே இல்லையாம். போய்ப் பார்த்தால், அது ஆலைக் கழிவுநீர்க் குளத்தின் சேற்றைப் பற்றிய கட்டுரை. மற்ற 42ஐயாவது நான் படித்தேனா என்றும் கேட்டிருந்தார். படித்திருந்தேன், ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் என்ன இருந்தது?

அதன் பிறகுதான் மேற்கோள் மென்பொருளுக்கு மாறினேன். எண் குழப்பம் அன்றோடு ஒழிந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் புதுவிதமான பிழைகள் வந்தன. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் ஆங்கிலத்தில் 'மலேசியன் பாம் ஆயில் போர்டு'. அதை ஆசிரியர் கட்டத்தில் எழுதியதும், மென்பொருள் அதை ஒரு மனிதரின் பெயராக எண்ணி, 'எம். பி. ஓ. போர்டு' என்று ஒரு திருவாளரைப் படைத்துவிட்டது. நிறுவனப் பெயரை ஒற்றைக் கட்டத்தில் போட வேண்டும். பிப்டெக் என்ற மேற்கோள் கருவியைப் பயன்படுத்துவோர் இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். கட்டுரைத் தலைப்பில் முதல் எழுத்தைத் தவிர மற்றவற்றை அது சிறிய எழுத்தாக்கும்போது 'மலேசியா'வின் பெரிய எழுத்தும் சிறுத்துப்போகும்; அதற்கும் அதே நெளிவு அடைப்புக்குறிதான் மருந்து.

பழைய ஆவணங்களில் இன்னொரு வம்பு. அந்த வாரியம் 2000இல்தான் வந்தது. அதற்கு முன் ஆய்வுகளை வெளியிட்டது 1979இல் தொடங்கிய போரிம் என்ற ஆய்வுக் கழகம். 1980களின் அறிக்கையை இன்றைய வாரியத்தின் பெயரில் போட்டால், தேடுபவர் நூலகத்தில் அலைவார். யுபிஎம் என்ற பல்கலைக்கழகத்தின் சுருக்கம் இன்னும் மோசம்: 1997 வரை அது யுனிவர்சிட்டி பெர்த்தானியான் மலேசியா, அதற்குப் பிறகு யுனிவர்சிட்டி புத்ரா மலேசியா, சுருக்கம் மட்டும் மாறவில்லை. எங்கள் வட்டாரத்திலுள்ள தென்னமரம் தோட்டம், 1917இல் நாட்டிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நடப்பட்ட இடம். அதன் பெயர் ஆங்கிலத்தில் சில இடங்களில் 'ம்' என்றும் சில இடங்களில் 'ன்' என்றும் முடிகிறது. தென்னைமரத்தை அறிந்த நமக்கு எது சரி என்று தெரிந்தாலும், மேற்கோளில் கை வைக்கக் கூடாது; மூலத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும். தரநிலைகளுக்கு ஆண்டு கட்டாயம்: ஏஎஸ்டிஎம் சி618 என்று மட்டும் எழுதினால் போதாது, சி618-19 என்றால்தான் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு என்று புரியும். இதழ்ப் பெயர்ச் சுருக்கத்தை ஊகித்து எழுதாதீர்கள்; ஐஎஸ்ஓ 4 விதிப்படி சொற்பட்டியலே இருக்கிறது. 'ஃபியூவல்' போன்ற ஒற்றைச் சொல் பெயர்களைச் சுருக்கவே கூடாது.

மென்பொருளை முறையாகக் கற்றிருந்தால் இவையெல்லாம் நேராது என்று எழுத வருவோருக்கு: முறையாகத்தான் கற்றேன், ஆனால் கட்டுரைக்கென்று உள்ள நிலையான அடையாளமான டிஓஐ எண்ணைக் கொடுத்ததும் தானாக இறங்கும் விவரத்திலேயே பிழை இருந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு பதிவையும் மூலக் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டேன். 43க்கும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

இனி நம்மவர்களுக்கு, அதாவது மலேசியத் தமிழர்களுக்கு, மட்டுமே உரிய ஒன்று, இதைச் சொல்லத்தான் பதில் எழுதத் தொடங்கினேன். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அடையாள அட்டையில் நம் பெயர், பிறகு ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு அப்பா பெயர். முனியாண்டியின் மகன் சேகர் என்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் (என் பெயர் அதுவன்று). அந்த 'ஏ/எல்' பெரிய எழுத்தில் இருந்தால், பிப்டெக் அதை நடுப்பெயராக எண்ணி 'எஸ். ஏ. முனியாண்டி' என்று அச்சிடும். சிறிய எழுத்தில் இருந்தால் குடும்பப் பெயரின் முன்னொட்டாக எண்ணி 'எஸ். ஏ/எல் முனியாண்டி' என்று விட்டுவிடும். எவராவது கையால் எழுதினால் 'எம். சேகர்'. ஒரே ஆள் மூன்று பேர் ஆகிவிடுவார். கட்டுரை அனுப்பும் முன்பே எந்த வடிவம் என்று முடிவு செய்து, ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்க்கிட் தளத்தில் 16 இலக்க அடையாளம் பெற்று, எல்லாக் கட்டுரைகளிலும் அதையே கொடுங்கள். பிறருடைய ஏ/எல்லைக் கண்டால் 'முனியாண்டி, சேகர்' என்று காற்புள்ளியோடு பதியுங்கள்.

மூன்றாம் முறை கட்டுரை ஏற்கப்பட்டது. சரிபார்க்க அச்சுப்படி வந்தபோது 48 மணி நேரம் கொடுத்தார்கள். மதிப்பாய்வாளரின் அந்த [17] மனத்தில் இருந்ததால், 43 மேற்கோள்களையும் வரிக்கு வரி மறுபடி சரிபார்த்து, ஒரு பிழையும் இல்லை என்ற நிறைவோடு திருப்பி அனுப்பினேன். தலைப்புக்குக் கீழே இருந்த என் பெயரை மட்டும் பார்க்கவில்லை. பதிவுப் படிவத்தில் அடையாள அட்டையில் உள்ளபடி பெரிய எழுத்தில் நிரப்பியவன் நானே. திருத்தம் கேட்டு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை, அந்த 'ஏ.' இன்னும் என் பெயருக்கு நடுவில்தான் இருக்கிறது.