காசு கொடுத்து வாங்குவதா, ஓப்பன் சோர்ஸே போதுமா? மென்பொருள் கேள்வி-பதில்

நிரல் எழுதுவதுதான் என் தொழில். சம்பளம் வருவது விற்பனைக்குப் போகும் மென்பொருளிலிருந்து. அதை எழுத நாள் முழுக்க நான் பயன்படுத்தும் கருவிகளில் பெரும்பாலானவை ஓப்பன் சோர்ஸ். இரண்டின் மேலும் எனக்கு மரியாதை உண்டு. வந்திருந்த கேள்விகளில் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று கேட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வீடியோ பார்க்கும் விஎல்சி, ஆவணம் எழுதும் லிப்ரேஆஃபீஸ், முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிலுக்கு நம்மிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளாமலா தருவார்கள்?

பதில்: சந்தேகப்படுவது நல்லதுதான். ஆனால் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. காசு வாங்காமல் கொடுத்துவிட்டு மூல நிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வரிகளை, பூட்டி வைத்திருக்கும் மென்பொருள்கள் ஏராளம். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியாள் யாரும் பார்க்க முடியாது. உங்கள் கேள்வியை அவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம் என்று லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். நம் தகவலை எடுத்து எங்கோ அனுப்பும் வரி ஒன்று உள்ளே இருந்தால் அதை யாராவது கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு, கண்டுபிடித்தால் நீக்கிவிட்டு வேறு பதிப்பு வெளியிடவும் முடியும்.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்கு நிரல் எழுதுபவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கம்பெனியில் அதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள். அந்தக் கம்பெனிகளின் சர்வர்கள் லினக்ஸில் ஓடுகின்றன, அது நன்றாக இருந்தால்தான் அவர்களுக்குத் தொழில். லினக்ஸை விநியோகிக்கும் ரெட் ஹேட் கம்பெனி பராமரிப்பையும் உத்தரவாதத்தையும் சந்தாவாக விற்று வளர்ந்தது. அதை 2019-இல் ஐபிஎம் சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. பிளெண்டரின் கதை வேறு. அதை நடத்திய கம்பெனி மூடப்பட்ட பிறகு, 2002-இல் பயனர்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி, முதலீட்டாளர்களிடமிருந்து மூல நிரலை மீட்டு எல்லோருக்குமாகத் திறந்துவிட்டார்கள். இன்று நன்கொடையும் கம்பெனிகளின் உதவியும் அதை நடத்துகின்றன.

கேள்வி: எங்கள் சிறிய அலுவலகத்தில் எல்லோருக்கும் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் சந்தா கட்டுகிறோம். லிப்ரேஆஃபீஸுக்கு மாறினால் செலவு மிச்சம் என்கிறார் ஒருவர், வேலை கெட்டுவிடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேரையும் விட்டுவிட்டு உங்கள் ஃபைல்களைக் கேளுங்கள். பொதுவாக எல்லோரும் ஒரு சாதாரணக் கடிதத்தைத் திறந்து பார்த்துவிட்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சோதிக்க வேண்டியது உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான ஃபைல்களை. லெட்டர்ஹெட்டும் அட்டவணைகளும் கொண்ட ஓர் ஒப்பந்தம், மேக்ரோ (தானாக வேலை செய்யும் சிறு நிரல்) போட்ட ஒரு எக்செல் ஷீட், வெளியாளோடு திருத்தம் போட்டுப் போட்டு அனுப்பிக்கொள்ளும் ஒரு ஆவணம். இந்த மூன்றும் போதும்.

ஒப்பந்தத்தில் முதலில் ஃபான்ட்டைப் பாருங்கள். கேலிப்ரி ஃபான்ட்டில் அடித்த ஆவணத்தை அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் வேறொன்று அதன் இடத்துக்கு வரும். எழுத்தின் அகலம் கொஞ்சம் மாறினாலும் வரி உடையும் இடம் மாறும். இரண்டு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் பகுதி மட்டும் மூன்றாம் பக்கத்தில் தனியாகப் போய் நிற்கும். கேலிப்ரிக்கு அதே அகலம் கொண்ட கார்லிட்டோ என்ற இலவச ஃபான்ட் இருக்கிறது. அது கணினியில் இருந்தாலே இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். "லிப்ரேஆஃபீஸ் பக்கத்தைக் கலைத்துவிடுகிறது" என்ற புகாரை நான் பார்க்கப்போன இடங்களில் பாதிக்கு மேல் ஃபான்ட்தான் காரணம்.

எக்செல் ஷீட்டில் மேக்ரோக்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். எளியவை பெரும்பாலும் ஓடும். அவுட்லுக்கைத் திறந்து மெயில் அனுப்பும் மேக்ரோ போன்றவை ஓடாது, திரும்ப எழுத வேண்டியிருக்கும். பல இடங்களிலிருந்து தகவலை இழுத்துச் சேர்க்கும் எக்செல் வசதியான பவர் க்வெரியை நம்பிக் கட்டிய ஷீட் என்றால் மாறும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது ஃபைலுக்கான சோதனைதான் முக்கியம். லிப்ரேஆஃபீஸில் திறந்து, ஒரு வரி திருத்தி, வேர்டு வடிவத்திலேயே சேமித்து, மறுபடி வேர்டில் திறந்து பாருங்கள். திறக்கும்போது தெரியாத சேதம் போய்த் திரும்பும்போதுதான் தெரியும். திருத்தக் குறிகள், பக்க எண்கள், எண்ணிட்ட பத்திகள் இவையெல்லாம் அப்படியே இருக்கின்றனவா என்று கவனியுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், ஆவணங்கள் பெரும்பாலும் உங்களுக்குள்ளேயே சுற்றி கடைசியில் பிடிஎஃப் ஆக வெளியே போகிறதென்றால் தாராளமாக மாறலாம். வெளியாளோடு தினமும் வேர்டு ஃபைலைத் திருத்திக் கைமாற்றிக்கொள்பவர்கள் அந்தச் சந்தாவைக் கட்டுவதுதான் சரி. எல்லோரும் ஒரே வழியில் போக வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வேலை பார்க்கும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் சந்தாவை வைத்துக்கொண்டு மற்றவர்களை மாற்றிய அலுவலகங்கள் நன்றாகவே ஓடுகின்றன.

கேள்வி: கணக்கு எழுத ஒரு மென்பொருள் வாங்கப்போகிறோம். விற்பவர் எல்லா வசதியும் இருப்பதாகச் சொல்கிறார். வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: வெளியே வரும் வழியைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஓப்பன் சோர்ஸா, காசு கொடுத்து வாங்குவதா என்ற கேள்வியைவிட, பிடிக்காமல் போனால் உங்கள் தகவலோடு வெளியேற முடியுமா என்பதுதான் பெரிய கேள்வி.

சோதனைக் காலம் தருவார்கள் அல்லவா? முதல் நாளே பொய்யாகச் சில வாடிக்கையாளர்களையும் பில்களையும் ஏற்றிவிட்டு தகவலை வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்துங்கள். "எக்ஸ்போர்ட் உண்டு" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் மட்டும் போதாது. ஒரு வியாபாரி பழைய மென்பொருளை விட்டு வெளியேறும்போது அவருடைய ஃபைல்களை நான் வாங்கிப் பார்த்தேன். வாடிக்கையாளர் பட்டியல் ஒரு ஃபைலில் முழுதாக இருந்தது. பில்களும் இன்னொரு ஃபைலில் முழுதாக இருந்தன. எந்த பில் யாருடையது என்று காட்டும் எண் மட்டும் எங்குமே இல்லை. பெயரை வைத்துச் சேர்க்கலாம் என்றால் ஒரே பெயரில் பல பேர். எல்லாத் தகவலும் கையில் இருந்தும் கணக்கு கையில் இல்லை. கடைசியில் பழைய பிரிண்ட் அவுட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டியதாயிற்று.

எனவே எக்ஸ்போர்ட் செய்ததைத் திறந்து ஒரு பில்லை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பின்தொடர்ந்து பாருங்கள். யாருக்கு, எந்தத் தேதி, என்னென்ன பொருள், எவ்வளவு, பணம் வந்ததா, இணைத்த ரசீது எங்கே என்று எல்லாம் தெரிய வேண்டும். அப்புறம், சந்தா நின்ற மறுநாள் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். பழைய கணக்கைப் பார்க்கவாவது விடுவார்களா, எத்தனை நாளில் அழிப்பார்கள்? இதற்கு நேராகப் பதில் சொல்லாதவரிடம் நான் வாங்க மாட்டேன்.

ஓப்பன் சோர்ஸில் இது கொஞ்சம் சுலபம். தகவல் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பது மூல நிரலிலேயே இருப்பதால், விவரம் தெரிந்த ஒருவர் எப்படியும் வெளியே எடுத்துவிடுவார். ஆனால் அந்த ஒருவருக்கும் கூலி உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூல நிரல் எல்லோர் கண்ணிலும் படுகிறதென்றால் திருடனும் படிப்பானே? அப்புறம் எப்படி அது பாதுகாப்பு?

பதில்: படிப்பான். யாராவது நல்லவர் படித்திருப்பார் என்று எல்லோரும் நம்பிக்கொண்டு ஒருவருமே படிக்காமல் விடுவதும் நடக்கிறது. ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, இணையத்தில் போகும் தகவலை மறைத்து அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் 2012-இல் நுழைந்தது, 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. இணையத்தில் பூட்டுக் குறி போட்ட தளங்களில் பெரும்பகுதி நம்பியிருந்த அந்த நிரலை முழுநேரமாகக் கவனித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. அதைப் பயன்படுத்திச் சம்பாதித்தவர்கள் அதற்குக் காசு கொடுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

2024 மார்ச்சில் நடந்தது இன்னும் பயங்கரம். எக்ஸ்இஸட் என்ற, ஃபைல்களைச் சுருக்கும் கருவியில் ஒருவர் நீண்ட காலம் உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்பாளராகவே ஆகி, வெளியாள் ரகசியமாக உள்ளே நுழையும் பின்வாசல் ஒன்றை வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழையும்போது ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிக்கொண்டே போய் அதைப் பிடித்தார். பெரும்பாலான சர்வர்களுக்கு அது போய்ச் சேருவதற்குள் தடுத்துவிட்டார்கள். அவர் தோண்ட முடிந்ததற்குக் காரணம் எல்லாம் திறந்து கிடந்ததுதான். ஆனாலும் அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் கலக்கமாகத்தான் இருக்கிறது.

மூடிய மென்பொருள் இதற்குத் தப்பியது என்று நினைத்துவிடாதீர்கள். 2020-இல் சோலார்விண்ட்ஸ் கம்பெனியின் அதிகாரபூர்வ அப்டேட்டிலேயே தீங்கு நிரல் ஏறி, சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை போய்ச் சேர்ந்தது.

ஆக, திறந்ததா மூடியதா என்பதை வைத்துப் பாதுகாப்பை அளக்காதீர்கள். கடைசி அப்டேட் எப்போது வந்தது, ஓட்டை தெரிந்தால் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள், பராமரிப்பவர் ஒருவர்தானா என்று பாருங்கள். சாதாரணப் பயனருக்கு நேரும் ஆபத்து பெரும்பாலும் இன்னும் எளிய வழியில் வருகிறது. தேடலில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தி, போலித் தளத்திலிருந்து இறக்கிவிடுகிறார்கள். அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

கேள்வி: டிசைன் படிக்கும் என் மகளுக்கு ஃபோட்டோஷாப் சந்தா கட்ட வேண்டுமா? ஓப்பன் சோர்ஸ் படத் திருத்தக் கருவியான ஜிம்ப் போதாதா?

பதில்: வேலைக்கு எடுப்பவர்கள் ஃபோட்டோஷாப் கேட்கும் துறை என்றால் கட்டுங்கள், மாணவர் சலுகை இருக்கிறதா என்று பார்த்துக் கட்டுங்கள். அச்சுக்குப் போகும் வேலையில் ஜிம்ப் இன்னும் பின்தங்கியே இருக்கிறது. 2025-இல் வந்த 3.0 பதிப்பு நல்ல முன்னேற்றம், ஆனாலும் படத்தை நேரடியாக அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறங்களில் வைத்துத் திருத்தும் வசதி அதில் கிடையாது. வரைவதுதான் முக்கியம் என்றால் கிரிட்டா என்ற ஓப்பன் சோர்ஸ் ஓவிய மென்பொருளை முதலில் கொடுத்துப் பாருங்கள், அது உண்மையிலேயே அருமையான கருவி.

ஃபோட்டோஷாப்பை விற்கும் அடோபி 2013-இல் சந்தா முறைக்கு மாறியது, புதிய பதிப்பை ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிவைக்க முடியாது. மாதாமாதம் பணம் போனாலும் அது ஓராண்டு ஒப்பந்தமாக இருக்கலாம், இடையில் நிறுத்தினால் கட்டணம் கேட்பார்கள். சேரும்போதே எந்தத் திட்டம் என்று படித்துவிடுங்கள். முடித்த வேலைகளை பிஎன்ஜி, டிஃப் வடிவிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: கிராக் செய்த பதிப்பைப் பயன்படுத்தினால் என்ன?

பதில்: வேண்டாம். பூட்டை உடைத்துத் தருபவர் உள்ளே வேறு என்ன வைத்தார் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. பாதுகாப்பு அப்டேட்டும் பெரும்பாலும் வராது. எழுதியவரின் உழைப்பைத் திருடுவது என்பதும் இருக்கிறது, அதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

கேள்வி: எங்கள் கம்பெனி முழுக்க ஓப்பன் சோர்ஸை நம்பி இருக்கிறது. ஒருநாள் திடீரென்று லைசென்ஸை மாற்றிவிட்டால்?

பதில்: மாற்றுகிறார்கள். சர்வர்களை அமைக்க உதவும் டெர்ராஃபார்ம் 2023-இல் மாறியது, தகவலைச் சேமிக்கும் ரெடிஸ் 2024-இல் மாறியது. ஆனால் ஏற்கெனவே வெளியான பதிப்பின் உரிமையைத் திரும்பப் பிடுங்க முடியாது. அந்தப் பழைய நிரலை எடுத்துக்கொண்டு டெர்ராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு, ரெடிஸிலிருந்து வால்கீ என்று தனிக் கிளைகள் உடனே கிளம்பின. முன்பு மைஎஸ்க்யூஎல் என்ற தகவல்தள மென்பொருளிலிருந்து மரியாடிபி பிரிந்ததும், ஓப்பன்ஆஃபீஸிலிருந்து 2010-இல் லிப்ரேஆஃபீஸ் பிரிந்ததும் இப்படிக் கிளைத்துத்தான், ஆனால் லைசென்ஸ் மாறியதால் அல்ல. மூடிய மென்பொருளில் விலையை ஏற்றினால் இந்தக் கதவு உங்களுக்குக் கிடையாது.

முன்கூட்டியே பார்க்க வேண்டியது உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை. ஒரே கம்பெனி எல்லா நிரலுக்கும் உரிமை வைத்திருந்தால் அது நினைத்த அன்று மாற்றும். பல பேரிடம் உரிமை பிரிந்து கிடந்தால் மாற்றுவது கஷ்டம். லினக்ஸ் கர்னல் அப்படிப்பட்டது.

கேள்வி: பல வருடங்களாக ஓப்பன் சோர்ஸ் பயன்படுத்துகிறேன். ஒரு காசும் கொடுத்ததில்லை. இது சரியா?

பதில்: சட்டப்படி சரி. இருந்தாலும் அதை வைத்துச் சம்பாதிக்கிறீர்கள் என்றால் கொடுங்கள். சந்தா கட்டியிருந்தால் ஆகியிருக்கும் தொகையில் ஒரு பங்கை அந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கட்டுங்கள். பணம் முடியாதவர்கள் தமிழ் இடைமுகத்தில் விடுபட்ட இடங்களை மொழிபெயர்க்கலாம். லிப்ரேஆஃபீஸுக்கு அது வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் நடக்கிறது, நிரல் தெரிய வேண்டியதில்லை. பிழை கண்டால் புகார் எழுதலாம். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாமல், எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது நடந்தது, என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது என்று எழுதி, பிழை தெரியும்படி ஒரு சிறிய ஃபைலையும் இணைத்துவிடுங்கள். பராமரிப்பவர் உங்களிடம் திருப்பிக் கேட்காமலேயே வேலையை ஆரம்பித்துவிடுவார்.