போர்க்காலத்தில் ஒரு தலைவரின் மேடைப்பேச்சு உண்மையிலேயே எதையாவது மாற்றுமா?

போர்முனையில் மாற்றுவது குறைவே. தோல்விச் செய்தியை மக்கள் எவ்வாறு தாங்கிக்கொள்கிறார்கள் என்பதை அது பெரிதும் மாற்றும். 1940 ஜூன் 4 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் ஆற்றிய உரை இதற்குத் தக்க சான்று. ஜெர்மன் படைகள் சூழ்ந்துகொண்ட பிரான்ஸின் டன்கிர்க் துறைமுகத்திலிருந்து சுமார் 3,38,000 வீரர்கள் மீட்கப்பட்ட நிம்மதியில் நாடு இருந்தபோது, பின்வாங்கல்களால் போர்கள் வெல்லப்படுவதில்லை என்று எச்சரித்து, பீரங்கிகளையும் வாகனங்களையும் இழந்துவிட்டதை ஒளிக்காமல் சொன்ன பிறகே, கடற்கரைகளிலும் வயல்களிலும் தெருக்களிலும் போரிடுவோம் என்ற புகழ்பெற்ற பகுதிக்கு அவர் வந்தார். இழப்பை முதலில் ஒப்புக்கொண்டதால்தான் அந்தச் சூளுரை வெற்று வீராப்பாக ஒலிக்கவில்லை என்பது என் கணிப்பு. (இன்று நாம் கேட்கும் ஒலிப்பதிவு, அவர் 1949-இல் மீண்டும் பேசிப் பதிவு செய்தது.) ஆயினும், அதே மாதம் பிரான்ஸ் வீழ்ந்ததை அவ்வுரையால் தடுக்க முடியவில்லை, அதற்குப் படைகளும் விமானங்களும் தேவைப்பட்டன.