ஆண்டவரை நம்புகிறேன், ஆனால் கீழ்ப்படிய முடியவில்லை. விசுவாசம் முழுசாக வந்த பிறகுதான் கீழ்ப்படிய முடியுமா?

அப்படிக் காத்திருந்தால் நடக்காது. யோசுவா 3-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறுப்புக்காலம், இஸ்ரவேலர் கடக்க வேண்டிய யோர்தான் ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்த ஆசாரியர்களின் கால் தண்ணீர் ஓரத்தில் பட்ட பிறகுதான் மேலிருந்து வந்த நீர் நின்றது. முதலில் நனைந்தது கால்.

"தேவசித்தம் தெரியவில்லை" என்று பலர் சொல்வதில் பாதி சாக்கு. வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா, பெண்ணை எங்கே கொடுப்பது, இவை தெரியாமல் இருக்கலாம். தெரிந்தது எவ்வளவு கிடப்பில் கிடக்கிறது? கூலியைப் பொழுது போகுமுன் கொடுக்கச் சொல்கிறது உபாகமம் 24:15. நாமோ நடவு ஆட்களிடம், "நெல் போட்ட பணம் அக்கவுண்டில் ஏறட்டும், தருகிறேன்" என்கிறோம். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, பக்கத்து வயல்காரரின் முறையில் ராத்திரி மண்வெட்டியோடு போய் மடையை நம் பக்கம் வெட்டி விடுகிறோம். இதற்கெல்லாம் உபவாச ஜெபம் போட்டு சித்தம் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே ஒன்றே ஒன்றை எடுங்கள். பெயர், தொகை, நாள் மூன்றையும் தாளில் எழுதுங்கள். "இனி நேர்மையாக இருப்பேன்" என்று எழுதினால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். "நாலு பேருக்குப் பாக்கி, சனிக்கிழமை இருட்டுவதற்குள்" என்றால் தப்பிக்க முடியாது. ஏமாற்றிப் பிடித்த பணமானால் லேவியராகமம் 6:5 சொல்லும் அளவை வைத்துக்கொள்ளலாம்: முதலோடு ஐந்தில் ஒரு பங்கு. 2,000 ரூபாய்க்கு 2,400.

இந்த இடத்தில்தான் மனம் குறுக்கு வழி தேடும். கூலியைக் கையில் வைத்துக்கொண்டு காணிக்கையைக் கூட்டிப் போடும், பொருத்தனை பண்ணும், வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும். இஸ்ரவேலின் ராஜா சவுல் செய்ததும் இதே. அழிக்கச் சொன்ன ஆடுமாடுகளில் நல்லதைத் தப்பவைத்துவிட்டு, "பலியிடத்தான்" என்றான் (1 சாமுவேல் 15). பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னார் இயேசு (மத்தேயு 5:23-24).

நம்பிக்கை உடைவதற்கு இன்னொரு காரணம் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை, அந்த வருஷத்துக்கென்று நாம் எடுக்கும் வசனம். எரேமியா 29:11 வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். தமிழில் "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" என்று இருப்பதால், நாம் நினைத்தது நடக்கும் என்று படித்துவிடுகிறோம். அதற்கு முந்திய வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது, பாபிலோனில் சிறையிருப்பு. அதுவரை வீடு கட்டி, தோட்டம் நாட்டச் சொல்கிறது 5-ஆம் வசனம். டிசம்பருக்குள் கடன் தீரும் என்று அந்த அட்டை சொல்லவில்லை. மேட்டூர் அணையைத் திறக்கவாவது ஜூன் 12 என்று ஒரு வழக்கமான தேதி உண்டு, அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால்தான்.

ஒரு எச்சரிக்கை. கீழ்ப்படிதல் என்ற பெயரில் யாராவது சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, நிலத்தை எழுதிக் கேட்டாலோ, அது ஆண்டவர் கட்டளை இல்லை, அந்த மனிதருடைய ஆசை. மனுஷரைவிட தேவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற அப்போஸ்தலர் 5:29-ஐக் காட்டிவிட்டு எழுந்து வாருங்கள்.

கீழ்ப்படிந்தால் பலன் உடனே வரும் என்றும் எண்ண வேண்டாம். மடையை அடைத்து அவர் முறையை அவருக்கே விட்டால், கடைமடையில் உங்கள் பயிர் வாடலாம். "வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும்" என்று ஆபகூக் 3:17-இல் வருவதைக் கடைமடை ஊரில் சத்தமாக வாசிக்கத் தைரியம் வேண்டும். அந்த ராத்திரி நீண்ட ஜெபம் வராது. பிசாசு பிடித்த மகனின் தகப்பன் கண்ணீரோடு சொன்னது மாற்கு 9:24-இல் இருக்கிறது. விசுவாசிக்கிறேன் என்றும் சொன்னார், என் அவிசுவாசம் நீங்க உதவும் என்றும் கேட்டார், ஒரே மூச்சில். அன்றைக்கு அந்தப் பையன் குணமானான்.