பாலைவனத்தில் தின்ற புளிப்பு இலை

கேள்வி: சவூதியில் சாரதியாக இருந்த காலத்தில், மழைக்குப் பிறகு கற்களுக்கிடையே முளைத்த ஒரு சாண் செடியின் இலையை ஒட்டகம் மேய்க்கும் பெரியவர் பறித்துத் தந்தார். நல்ல புளிப்பு. 'ஹுமைத்' என்றார். டயறிக்குள் இருந்த அதன் காய்ந்த காயை அனுப்பியிருக்கிறேன். எங்கள் வளவு மணலில் மாரியில் முளைக்கும் தடித்த இலைச் செடியும் அதுதானா? சமைக்கலாமா?
வாசகர், நிலாவெளி

பதில்: காய் உடையாமல் வந்து சேர்ந்தது. கண்ணாடிக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். விரல் நகமளவு. ரிசுத்தாள் போல மூன்று மடல், ஒவ்வொன்றிலும் வலை வலையாய் இளஞ்சிவப்பு நரம்பு. இத்தனை வருடமாகியும் அந்த நிறம் போகவில்லை! பாலைக் காற்றில் விதை பறக்க இந்த மடல்கள்தான் சிறகு.

இது சுக்கான் கீரை. ஆந்திராவில் சுக்கக்கூர என்று பருப்போடு கடைவார்கள். அரபியில் ஹாமித் என்றால் புளிப்பு. பெரியவர் சொன்ன பெயரும் அதிலிருந்து வந்ததுதான். குளிர்கால மழையில் முளைத்து, வெயில் ஏறுமுன் விதைத்துவிட்டுக் காய்ந்துபோகும் செடி. இன்னொரு அடையாளம், இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் வெங்காயச் சருகு போல மெல்லிய உறை ஒன்று தண்டைச் சுற்றியிருக்கும்.

உங்கள் வளவில் நிற்பது வேறு. நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் சாரணை போல இருக்கிறது. ஒரு கொடியைத் தூக்கிப் பாருங்கள். சாரணையில் இலைகள் எதிரெதிராக இருக்கும், சோடியில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. பூ இலைக்கக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சுக்கானில் இலைகள் மாறிமாறி வரும், பூ நுனியில் கதிராக நிற்கும். வாயில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், முதலில் கண்ணால் உறுதிப்படுத்துங்கள். சாரணைதான் என்றால் இளங்குருத்தை மட்டும் கிள்ளி, அவித்து, தண்ணீரை வடித்துவிட்டு வறை செய்யலாம். முற்றியது வேண்டாம்.

சுக்கானின் புளிப்புக்கு ஒட்சாலிக் அமிலம் காரணம். வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் இருந்தால் இந்தக் கீரையைக் கொடுக்க வேண்டாம். மற்றவர்களும் அளவோடு சாப்பிட்டால் போதும்.

காயை நான் பிரிக்கவில்லை. உள்ளே விதை இருக்கிறது, தடவினால் தெரிகிறது. உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். தை பிறந்து மழை ஓய்ந்ததும், தண்ணீர் தேங்காத சட்டியில் மணல் கலந்து போட்டுப் பாருங்கள். முளைத்தால் ஒரு வரி எழுதுங்கள்.