லேபுக்குப் புதிதாக எந்த டெஸ்ட் சேர்க்கலாம்?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் சின்ன ஊரில் லேப் வைத்திருக்கிறேன். செல் கவுன்டரும் (ரத்த அணுக்களை எண்ணும் மெஷின்) செமி ஆட்டோ அனலைசரும் (சர்க்கரை, கொழுப்பு போன்றவற்றை அளக்கும் மெஷின்) இருக்கின்றன. ஒரு கம்பெனிக்காரர் ஹார்மோன் மெஷினை இலவசமாக வைக்கிறேன், மாதாமாதம் ரீஏஜென்ட் (டெஸ்டுக்கான ரசாயனம்) மட்டும் எங்களிடம் வாங்குங்கள் என்கிறார். தைராய்டு, வைட்டமின் டி, பி12 போட்டால் நல்ல லாபமாம். இறங்கலாமா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வெளி லேபுக்கு சாம்பிள் அனுப்புகிறீர்கள் அல்லவா, அந்த நோட்டை எடுத்துக் கடந்த ஆறு மாதத்தில் எந்த டெஸ்ட் எத்தனை போயிருக்கிறது என்று எண்ணுங்கள். உங்கள் ஊர் டாக்டர்கள் உண்மையில் எதை எழுதுகிறார்கள் என்பது அதில்தான் இருக்கிறது, கம்பெனிக்காரர் காட்டும் அட்டவணையில் இல்லை.

அடுத்து அடக்க விலை. கிட் விலையை டெஸ்ட் எண்ணிக்கையால் வகுத்து "ஒன்றுக்கு இவ்வளவுதான்" என்று சொல்வார்கள், அந்தக் கணக்கை நம்பவே கூடாது. உதாரணத்துக்கு எலைசா என்ற டெஸ்ட் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் தட்டில் சாம்பிள் ஊற்ற 96 குழிகள் இருக்கும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஸ்டாண்டர்டு, கன்ட்ரோல் (முடிவு சரியா என்று பார்க்க ஓட்டும், அளவு தெரிந்த திரவங்கள்) இவற்றுக்கு மட்டும் 8 குழி போகிறது என்று வையுங்கள், அன்றைக்கு வந்தது 4 சாம்பிள் என்றால் 12 குழிக்குச் செலவழித்து 4 பேரிடம்தான் பணம் வாங்குகிறீர்கள், அதாவது அடக்கம் மூன்று மடங்கு. செலவைக் குறைக்கக் கன்ட்ரோலை விட்டுவிடலாமா என்று தோன்றும், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் ஒருவருக்கு மாத்திரை அளவு மாறப்போகிறது. ஹார்மோன் மெஷினிலும் கேலிபிரேஷன் (மெஷினின் அளவைச் சரிசெய்வது), கன்ட்ரோல், திறந்த பாட்டில் காலாவதியாவது எல்லாம் உண்டு. போதாததற்கு மாதம் இவ்வளவுக்கு வாங்கியே ஆகவேண்டும் என்ற நிபந்தனை வேறு. சாம்பிள் குறைந்த மாதத்திலும் அந்தத் தொகை குறையாது, இலவச மெஷினின் விலை அதற்குள்தான் இருக்கிறது. தைராய்டு தினமும் நாலைந்துதான் வருகிறது என்றால் இப்போதைக்கு வெளியே அனுப்புவதே லாபம்.

என்னைக் கேட்டால் முதலில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), அப்புறம் சிறுநீரில் மைக்ரோ ஆல்புமின் (சிறுநீரில் கசியும் சிறிதளவு புரதம்). இரண்டுக்கும் செமி ஆட்டோவில் ஓடும் கிட் கிடைக்கிறது, உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளி எச்பிஏ1சிக்கு வருடத்தில் இரண்டு முதல் நான்கு முறை வருவார், வருடம் ஒருமுறையாவது மைக்ரோ ஆல்புமினும் பார்க்க வேண்டும். சிறுநீரகப் பாதிப்பை, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கிற டெஸ்ட் இது, ஆனாலும் சின்ன ஊர்களில் அதிகம் எழுதப்படுவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். டாக்டர்களிடம் நேரில் போய்ப் பேசுங்கள். கமிஷன் பேச்சு வேண்டாம், டாக்டர்கள் அதை வாங்குவதை 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளே தடுக்கின்றன. காலையில் கொடுத்தால் மதியமே ரிப்போர்ட் தருகிறேன் என்பதே போதும்.

தொடங்கும் முன் ஒரே சாம்பிளை உங்களிடமும் வெளி லேபிலும் ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டலாம். செல் கவுன்டர்தான் இருக்கிறதே, ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மழைக்காலத்தில் டெங்கு வரும். காய்ச்சல் தொடங்கி ஐந்து நாளுக்குள் என்றால் என்எஸ்1 (வைரஸின் புரதத்தைத் தேடும் டெஸ்ட்), அதற்குப் பிறகு ஐஜிஎம் (உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடியைத் தேடும் டெஸ்ட்). கிட்டை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள், சீசன் முடிந்தால் அப்படியே கிடக்கும்.

கேள்வி: டிபிக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் கிட் மலிவாகத் தருகிறேன் என்கிறார்கள். சேர்க்கலாமா?
– அதே வாசகர்

பதில்: கூடவே கூடாது. 2012லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. இல்லாதவருக்கு இருப்பதாகவும், இருப்பவருக்கு இல்லை என்றும் காட்டுகிற டெஸ்ட் அது. அப்படிச் சந்தேகத்தோடு யாராவது வந்தால் சளிப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே பரிசோதனையும் மருந்தும் இலவசம்.