எவர்சில்வரில் கப்பல் கட்டினால் என்ன?

கடல் வளத்தைக் காக்கப் போராடும் அமைப்புகளின் கப்பல்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டிச் சேலம் மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கே: தொண்டர்கள் வருஷம் முழுக்கத் துரு தட்டுவதாக எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரில் உருட்டும் எவர்சில்வர் தகட்டிலேயே கப்பலைக் கட்டிவிட்டால் அந்த வேலை மிச்சம்தானே?
_வாசகர், சேலம் உருக்காலை_

ப: காசு ஒரு பக்கம் இருக்கட்டும். எவர்சில்வர் கடலில் கெடும் விதமே வேறு. மேலே படிந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம்தான் அதற்குக் காவல். கடல்நீரில் உள்ள குளோரைடு அதை ஊசிமுனை அளவில் துளைத்துவிடும். கொட்டலசு (கப்பலில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) ஒட்டிய இடத்திலும் போல்ட்டுக்கு அடியிலும் ஆக்சிஜன் போய்ச் சேராது, அதனால் படலம் மறுபடி உருவாகாது. வெளியே பளபளப்பு, உள்ளே ஓட்டை. பாத்திரம் செய்யும் 304 ரகம் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். 2-3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 இன்னும் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். சாதா இரும்பில் துரு பரவலாகப் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியும். எந்தத் துறைமுகத்திலும் வெட்டி எடுத்துவிட்டு வேறு தகடு வைத்துப் பற்றவைக்கலாம்.

இந்தக் கப்பல்களில் பல ஏற்கெனவே உழைத்துத் தேய்ந்தவை. சீ ஷெப்பர்ட் அமைப்பிடம் இருந்த பாப் பார்க்கர் 1950-ல் கட்டிய நார்வே திமிங்கல வேட்டைக் கப்பல். கிரீன்பீஸின் ஆர்க்டிக் சன்ரைஸ் கட்டியது 1975-ல், அதுவும் ஒரு காலத்தில் கடல்நாய் வேட்டைக்குப் போனது. அதனால் துரு வேலைக்கு ஓய்வே கிடையாது. சுத்தியலால் செதிலைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். கழுவுவதைத்தான் பலர் தண்ணீர்ச் சிக்கனம் என்று விட்டுவிடுவார்கள். உப்பு உள்ளே தங்கினால் பெயின்ட்டைத் தாண்டி ஈரத்தை இழுக்கும், சில வாரத்தில் கொப்புளம் கிளம்பும். இன்னொன்று பனி. ஏற்காட்டில் விடியற்காலை ஜீப் பானெட்டில் நீர் முத்து நிற்குமே, அந்த நிலையில் இருக்கும் இரும்பில் பிரைமர் ஒட்டாது. தகட்டின் வெப்பம் பனிப்புள்ளியைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பத்தைவிட, 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும்.

அடிப்பகுதியில் துத்தநாகம் அல்லது அலுமினியக் கட்டிகளைப் பொருத்துவார்கள். இரும்புக்குப் பதில் அவை கரையும். உலர்துறையில் ஏற்றும்போது புது ஆள் அந்தக் கட்டிக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்துவிடுவது வழக்கமான கூத்து. அடித்தால் அது வேலை செய்யாது.

கே: மேட்டூர் அணையில் பரிசலில் இருந்து செவுள் வலையைக் கையாலேயே இழுக்கிறோம். திருட்டுக் கப்பல் விட்டுப்போன 72 கிலோமீட்டர் வலையை எப்படி இழுத்தார்கள்?
_வாசகர், மேட்டூர்_

ப: அது தண்டர் என்ற திருட்டு மீன்பிடிக் கப்பலின் வலை. 2014 டிசம்பரில் அன்டார்க்டிகா கடலில் பாப் பார்க்கர் அதைக் கண்டுபிடித்து 110 நாள் விரட்டியது. வலையை எடுக்கும் வேலை அதே அமைப்பின் சாம் சைமன் கப்பலுடையது. செவுள் வலைக்கு அங்கே தடை உண்டு.

இழுப்பது எந்திர உருளைதான். ஆனால் கப்பலை நிறுத்தும் விதம் உங்களுக்குத் தெரிந்ததே: காற்று வரும் பக்கம் வலை இருக்க வேண்டும். அப்போதுதான் காற்று கப்பலை வலையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும். மாற்றி நின்றால் கப்பல் வலைமேல் ஏறும், நைலான் புரொப்பெல்லரில் சுற்றும், பனிக்கடல் நடுவில் இன்ஜின் நிற்கும். மிதவையைத் தூக்கும் முன்பே படம், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை பதிவாகிவிட வேண்டும். வழக்கு நிற்பது அதில்தான். ஏறும் உயிர்களை இனம் பிரித்து எண்ணுவார்கள், உயிரோடு இருப்பது கடலுக்குத் திரும்பும்.

வலை குவியும் இடத்தில் நிற்பவர் மோதிரம் போடக்கூடாது, கத்தி இடுப்பில் இருக்க வேண்டும், கால் வளையத்துக்குள் போகக்கூடாது. ஈர வலை பெரும் பாரம். மேல்தளத்திலேயே குவித்தால் கப்பலின் எடைமையம் உயர்ந்து ஆட்டம் கூடும். அவ்வப்போது அடித்தளத்துக்கு இறக்க வேண்டும். எடுக்காமல் விட்டால்? நைலான் மக்காது, ஆளில்லாமலேயே மீன் பிடித்துக்கொண்டிருக்கும்.

தண்டர் 2015 ஏப்ரல் 6-ல் ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள சாவோ டோமே தீவு அருகே மூழ்கியது. அதன் 40 பேரையும் விரட்டிப் போனவர்களே காப்பாற்றினார்கள்.

கே: ஏற்காடு ஏரியில் படகில் கால் வைக்கும்போதே ஆடுகிறது. நடுக்கடலில் கப்பலிலிருந்து சின்னப் படகை எப்படி இறக்குகிறார்கள்?
_வாசகி, ஏற்காடு_

ப: கப்பல் முதலில் திரும்பி, காற்றும் அலையும் படாத பக்கத்தை உண்டாக்கித் தரும். படகின் முகப்பிலிருந்து ஒரு நீளக் கயிறு கப்பலின் முன்பக்கத்தில் கட்டப்படும். இன்ஜின் ஓடத் தயாராக இருக்கும். ஓட்டுபவரின் உடம்பில் இன்ஜினை அணைக்கும் வார் மாட்டியிருக்கும். அவர் விழுந்தால் இன்ஜின் நிற்கும். இரண்டு கொக்கி உள்ள படகு என்றால், அலை தூக்கிக் கயிறு தளரும் நொடியில் பின்கொக்கியை முதலில் கழற்ற வேண்டும், முன்கொக்கி பிறகு. மாற்றிச் செய்தால் முகப்பு தண்ணீரோட்டத்தில் விலகிப் படகு குறுக்கே திரும்பும், கவிழவும் கவிழும். ஏற்றும்போது முன்கொக்கிதான் முதல். திரும்பி வந்ததும் இன்ஜினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிடுவதை மறக்கக்கூடாது.

கே: சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் டீசல் எரிக்கலாமா?
_கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி_

ப: நியாயமான குத்தல்தான். 2011-ல் கடலுக்கு வந்த மூன்றாவது ரெயின்போ வாரியர் 1,255 சதுர மீட்டர் பாயோடு கட்டப்பட்டது இதற்காகத்தான். பாய் இல்லாத கப்பலுக்கு வேகத்தைக் குறைப்பதே வழி. மணிக்கு 14 கடல் மைல் வேகத்திலிருந்து 10-க்கு இறங்கினால் மணிக்கு எரியும் டீசல் சுமார் மூன்றில் ஒரு பங்காகும், தூரக் கணக்கில் பார்த்தால் பாதி. விரட்டும்போது மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பறந்துவிடும்.

கே: இந்தக் கப்பல்களில் சேர என்ன படிக்க வேண்டும்?
_வாசகர், ஆத்தூர்_

ப: ஆர்வத்தைவிடக் கைத்தொழில் எடுபடும். வெல்டிங், டீசல் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், சமையல் தெரிந்தவரை எந்தக் கப்பலும் விரும்பும். எஸ்டிசிடபிள்யூ (கப்பல் பணியாளர் பயிற்சிக்கான சர்வதேச விதிமுறை) அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி கையில் இருந்தால் நல்லது. கடலில் உயிர் தப்புதல், தீயணைப்பு, முதலுதவி எல்லாம் அதில் அடக்கம். சென்னையில் இதற்கு அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் உண்டு. தீயணைப்பு, உயிர் தப்புதல் இரண்டையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நிறக்குருடு உள்ளவர் இரவில் சிவப்பு, பச்சை விளக்கைப் பிரித்துப் பார்க்கும் வேலைக்குத் தேறமாட்டார்.

கே: வாரக்கணக்கில் காய்கறி கெடாதா?
_வாசகி, செவ்வாய்ப்பேட்டை_

ப: கீரை முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். பிறகு முட்டைக்கோஸ், கடைசியாகப் பூசணி. வெங்காயத்தையும் உருளையையும் ஒரே பெட்டியில் வைத்தால் உருளை சீக்கிரம் முளைவிட்டு அழுகும். சீ ஷெப்பர்ட் கப்பல்களில் பால், முட்டைகூடக் கிடையாது. பருப்பு, பயறுதான் ஆதாரம். அடுப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பு இருக்கும், இருந்தாலும் பானையில் பாதிக்கு மேல் ஊற்றமாட்டார்கள். சாப்பாட்டு மேசையில் ஈரத்துணி விரித்திருந்தால் தட்டு நழுவாது.