பத்து இறாலில் எட்டு எங்கே போயிற்று?

கேள்வி: வீட்டில் 2 அடி மீன் தொட்டி வைத்திருக்கிறோம். 2 ஏஞ்சல், 6 நியான் டெட்ரா, 5 கப்பி இருக்கின்றன. போன வாரம் 10 சிவப்புச் செர்ரி இறால் வாங்கி விட்டோம். எல்லாம் ஒன்றாக இருக்கும் என்றுதான் கடையில் சொன்னார்கள். நாலே நாளில் இரண்டுதான் கண்ணில் படுகின்றன. செத்துக் கிடந்து ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. மீனோடு இறாலை வளர்க்கவே முடியாதா?
- சென்னை மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: வளர்க்கலாம். ஏஞ்சலோடு மட்டும் முடியாது.

முதலில் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். புது இடத்துக்கு வந்த இறால் ஒரு வாரம்கூட ஒளிந்தே கிடக்கும். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் அடித்துக் கல் இடுக்கிலும் ஃபில்டருக்குப் பின்னாலும் தேடுங்கள். மோட்டார் ஃபில்டர் என்றால் திறந்து உள்ளேயும் பாருங்கள். தண்ணீரோடு உள்ளே இழுக்கப்பட்ட இறால்கள் அங்கே பிழைத்துக் கிடப்பதுண்டு. கண்ணாடி போல வெறும் கூடு மிதந்தால் பயப்பட வேண்டாம், அது உரித்துப் போட்ட சட்டை. செத்த இறால் உள்ளே சதையோடு, வேகவைத்தது போல வெளிறிக் கிடக்கும். தண்ணீர் கோளாறு என்றால் அப்படி ஒன்றிரண்டாவது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். ஒன்றுகூடப் படவில்லை என்பதால் என் சந்தேகம் ஏஞ்சல் மீதுதான்.

வாயில் நுழைவது எதுவானாலும் மீனுக்கு அது தீனி. செர்ரி இறால் முழுதாக வளர்ந்தாலே ஓர் அங்குலம்தான். கடையில் கிடைப்பது பெரும்பாலும் அதில் பாதி. போதாததற்கு நாம் ஆசைப்பட்டு வாங்கும் அந்தச் சிவப்பு, மனிதர்கள் பொறுக்கிப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்து வரவழைத்த நிறம். இதன் காட்டு மூதாதை மங்கிய பழுப்பு, ஒளிந்துகொள்ள வசதியான நிறம். பச்சைச் செடி நடுவே சிவப்பு இறாலை விடுவது மீனுக்கு இலை போட்டுப் பரிமாறுவது மாதிரி. (ஏஞ்சல் இன்னும் வளர்ந்தால் உங்கள் நியான்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். இயற்கையிலும் அவை சின்ன மீன்களைத் தின்பவைதான்.)

ஏஞ்சலுக்கு வேறு வீடு பாருங்கள். டைகர் பார்ப், கோல்ட் ஃபிஷ், ஆஸ்கர் எதுவும் வேண்டாம். ஃபைட்டர் ஒவ்வொன்றும் ஒரு குணம். ஒன்று கண்டுகொள்ளாது, இன்னொன்று ஒரே ராத்திரியில் தீர்த்துவிடும். நியான், கப்பி, கோரி போன்றவை வளர்ந்த இறாலை அனேகமாகத் தொடாது. குட்டி கிடைத்தால் விடாது. குட்டியையும் விட்டுவைக்கும் மீன் என்று நான் தைரியமாகச் சொல்வது பாசி தின்னும் ஓட்டோ ஒன்றைத்தான்.

எந்த மீன் என்பதைவிட, ஒளிய இடம் இருக்கிறதா என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். வளர்ந்த இறால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை சட்டை உரிக்கும். புது ஓடு இறுகும் வரை, கிட்டத்தட்ட ஒரு நாள், அதன் உடம்பு மெத்தென்று இருக்கும். சாதுவான கப்பிகூட அப்போது கொத்திப் பார்க்கும். பெண் இறால் சட்டை உரித்த கையோடுதான் இணை சேரும். பிறகு இருபது முப்பது முட்டைகளை வயிற்றடியில் வைத்து, துடுப்புக் கால்களால் விசிறிக்கொண்டே ஏறக்குறைய ஒரு மாதம் சுமக்கும். பொரிந்து வரும் குட்டி எள்ளளவுதான், ஆனால் அச்சு அசல் இறால். மீன் தலை நுழையாத இடம் அதற்கு வேண்டும். கைப்பிடி அளவு ஜாவா மாஸ் (தண்ணீருக்குள் புதராக வளரும் பாசிச் செடி) என்பது அலங்காரத்துக்குத்தான் ஆகும். உங்கள் தொட்டியின் அடிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது மாஸ் அடர்ந்து கிடக்கட்டும். தெருவில் உதிர்ந்து கிடக்கும் காய்ந்த பாதாம் இலை இரண்டைக் கழுவிப் போடுங்கள். அடியில் ஒளியலாம், மேலே படரும் வழுவழுப்பை மேயலாம். மோட்டார் ஃபில்டர் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டிவிடுங்கள். சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கே மாறினால் இன்னும் நல்லது.

தண்ணீர் விஷயத்தில் போர்வெல் தண்ணீரின் கடினம் இந்த இறாலுக்குப் பெரிய தொல்லை இல்லை. ஓடு கட்ட சுண்ணாம்புச் சத்து வேண்டுமே. வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஆகாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஆன்டி குளோரின் சேர்த்த பிறகே ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும். ஒரேயடியாகப் பாதித் தண்ணீரை மாற்றினால் அந்த அதிர்ச்சியில் நேரம் கெட்டுச் சட்டை உரித்துச் செத்துப்போகும். 22 முதல் 26 டிகிரி வரை அதற்குச் சுகம். மே மாதத்தில் 30-ஐத் தாண்டும், அப்போது மூடியைத் திறந்து தண்ணீர் மேல் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள்.

நம் வீடுகளில் யாரும் யோசிக்காத எமன் கொசு மருந்து. ஸ்ப்ரேயிலும் மின்சாரத்தில் மாட்டும் லிக்விடிலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து, பூச்சியைப் போலவே இறாலையும் கொல்லும். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தானே இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிறது! ஒரு மழைக்காலத்தில் கரப்பானுக்கு ஸ்ப்ரே அடித்துவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபோது மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன, இறால் ஒன்றுகூட மிச்சமில்லை. தொட்டி இருக்கும் அறைக்குக் கொசுவலைதான் சரி. இன்னொன்று, மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தால் தாமிரம் கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மீன் தாங்கும் அளவே இறாலுக்கு விஷம். நோயுற்ற மீனைத் தனி வாளியில் வைத்து மருந்து கொடுங்கள்.

மிச்சமிருக்கும் இரண்டையும் இப்போதே ஒரு சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள், கொஞ்சம் மாஸும் பழைய தொட்டித் தண்ணீரும் சேர்த்து. பெரிய தொட்டியில் மாஸ் அடர இரண்டு மாதமாவது ஆகும். அப்புறம் பதினைந்து இருபது இறாலாக வாங்குங்கள். புதுத் தண்ணீருக்கு அவை மெல்லப் பழக, ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை அவை இருக்கும் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விழவிடுங்கள். ராத்திரி மீன்களுக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, இறால்களை மாஸ் பக்கமாக இறக்கிவிடுங்கள்.